என் லிஃப்ட் பக்கத்தை அழித்துவிடு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் உடம்பளவில் சௌக்கியம். இணையத்தில் மட்டும் நான் சௌக்கியமில்லை. அங்கே நீயும், உன் மனைவியும், உன்னுடைய 'தொண்ணூறு நாளில் இணைய வெற்றி' வகுப்பு மாணவர்களும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாக அந்த மாணவர்கள். காகிதத்தில் எழுதுகிறானே என்று நினைக்காதே. போன் செய்தால் நீ மீட்டிங்கில் இருக்கிறாய். மின்னஞ்சல் அனுப்பினால் "வாழ்த்துகள்! சாதனையாளர் குடும்பத்தில் இணைந்துவிட்டீர்கள்" என்று தானாக ஒரு பதில் வருகிறது. உன் குடும்பத்தில் நான் இணைந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது, அதற்கு யாரும் வாழ்த்துச் சொன்னதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று, யாருக்கும் தொந்தரவில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். "அத்தான், உங்க தலைக்குள்ள ஒரு புதையலே இருக்கு, அதை இணையத்துல ஒரு பிளாக்கா போட்டா உலகமே வந்து படிக்கும்" என்று சொன்னவன் நீ. உலகத்துக்கு வேறு வேலை இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. 'பளு தாங்கும் கம்பிவடங்களின் பராமரிப்பு' என்று நான் ஒழுங்காக எழுதிக் கொடுத்ததை 'லிஃப்ட் நின்றால் நீங்கள் செய்யும் ஏழு தவறுகள், நான்காவது உங்களை உறைய வைக்கும்!' என்று மாற்றினாய். "நான் எழுதியதில் தவறே ரெண்டுதான் இருக்கு" என்றதற்கு, "மீதி அஞ்சை யோசிச்சு எழுதுங்க அத்தான், ஏழுதான் ஓடும்" என்றாய். யோசித்து எழுதினேன். வேலையில் இருந்தபோது இப்படி யாராவது ஐந்து கோளாறுகளை யோசித்து எழுதியிருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்து அனுப்பியிருப்பேன்.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் சோர்வு வரும், ஊக்கம்தான் மூலதனம் என்று சொல்லி, சுவரில் ஒட்டப் பதினான்கு வாசகங்கள் அனுப்பினாய். ஒட்டினேன். "நீ தூங்கும்போதும் உன் எழுத்து உழைக்கும்" என்பது படுக்கையறையில் இருக்கிறது. உன் அக்கா அதற்குக் கீழே பென்சிலில் "அதுவாவது உழைக்கட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறாள். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று "நான் ஒரு பிராண்ட்" என்று பத்து முறை சொல்லச் சொன்னாய். நாலாவது முறை சொல்லும்போதே உன் அக்கா குளியலறைக் கதவைத் தட்டி, "உள்ள யாரு கூட பேசிட்டிருக்கீங்க?" என்றாள். உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து "பிராண்டு, சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். மருமகன் முன்னாலும் கூப்பிட்டாள்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், வாசகர்கள். முதல் வாரம் தினம் ஐந்து பேர், அடுத்த வாரம் ஒன்பது பேர், ஒரு மாதத்தில் தினம் முப்பது பேர் என்று எண்ணிக்கை ஏறியது. "பாத்தீங்களா அத்தான், அலை கிளம்பிடுச்சு!" என்று நீயும் துள்ளினாய். போன மாதம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல், போனையே தொடவில்லை. எழுந்து பார்த்தால் மூன்று நாளும் வாசகர்கள் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். என்னடா இது, எனக்குக் காய்ச்சல் வந்தால் உலகத்துக்கே காய்ச்சலா என்று மகளிடம் கேட்டேன். அவள் பத்து நிமிஷம் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு பாக்க நீங்க ஒவ்வொரு தடவை பக்கத்தைத் திறக்கும்போதும் உங்களையும் ஒரு ஆளா எண்ணியிருக்கு" என்றாள். ஆக, அந்த முப்பது பேரும் நான்தான். ஊக்கம் கூடக் கூட நான் அடிக்கடி திறந்தேன், திறக்கத் திறக்க வாசகர் கூடினார்கள், அதைப் பார்த்து எனக்கு ஊக்கம் கூடியது. இப்படியொரு இயந்திரத்தை என் முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் நான் கண்டதில்லை.

சரி, அதோடு விட்டாயா? விளம்பரம் பண்ண வேண்டும் என்று, தினமும் காலை ஒன்பது மணிக்கு எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு என் பெயரில் தானாகச் செய்தி போகும்படி வைத்தாய். குடியிருப்புச் சங்கச் செயலாளரின் தகப்பனார் தவறிய செய்தி எட்டு ஐம்பத்தெட்டுக்கு வந்தது. ஒன்பதுக்கு, அதன் அடியிலேயே, "இந்த உற்சாகமான தகவலை இன்னும் பத்து பேருக்குப் பகிருங்கள்!" என்று கைதட்டும் படங்களோடு நான் நிற்கிறேன். இறுதிச் சடங்கில் எனக்கு யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. அடுத்த வாரம், என்னோடு வேலை பார்த்த பழைய கூட்டாளி படபடப்பாக வீட்டுக்கே வந்துவிட்டான். என் பெயரில் நீ நடத்தும் மின்னஞ்சல் பட்டியலிலிருந்து விலகப் போய் எதையோ அழுத்தியிருக்கிறான். "ஏம்பா, நமக்குள்ள என்ன சண்டை? 'எங்களைப் பிரிந்து செல்ல அப்படி என்ன செய்துவிட்டோம்'னு கேட்டு நீ லெட்டர் போட்டிருக்கே" என்கிறான். அவனைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் பொழுது போய்விட்டது. போகும்போது மறுபடி பட்டியலில் சேர்ந்துவிட்டுத்தான் போனான், பாவம்.

ஒன்று சொல்கிறேன், கேலி இல்லை. எனக்குப் பேரும் வேண்டாம், புகழும் வேண்டாம். லிஃப்ட் ஓடும்வரை மெக்கானிக்கை யாரும் நினைப்பதில்லை, அது எனக்குப் பழக்கம்தான். ஆனால் எனக்குத் தெரிந்தது யாரோ ஒருத்தருக்காவது பிரயோஜனப்படும் என்று நிஜமாகவே நம்பினேன். ஐந்து மாதமாக நானே எழுதி நானே படித்திருக்கிறேன் என்று தெரிந்தபோது வெட்கத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. எழுதிப் போடும் உரிமையை மட்டும் எனக்குக் கொடுத்து, அழிக்கும் உரிமையை நீ வைத்துக்கொண்டிருக்கிறாய். எனவே, இந்தக் கடிதம் கண்டதும் என் பக்கத்தை அடியோடு அழித்துவிடு. "தோற்றவன் பாதியில் நிறுத்தியவனே" என்ற பதினைந்தாவது வாசகத்தை அனுப்பாதே, சுவரில் இடமில்லை.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். குழந்தைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் நன்றாகப் படித்து இணையம் இல்லாத ஏதாவது வேலைக்குப் போகட்டும். உனக்கும் ஆசி உண்டு, கோபம் தணிந்ததும் தனியாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போனில் ஒரு தகவல் வந்தது. என் பக்கத்தில் யாரோ கருத்து எழுதியிருக்கிறார்கள். அலுவலகம் ஒன்றில் துப்புரவு வேலை செய்யும் அம்மாவாம். அப்படியே தருகிறேன்: "அய்யா, லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு. கதவைத் தள்ளித் திறந்து ஒரு காலை வெளிய வெச்சுட்டேன். போன்ல தேடுனா நீங்க எழுதினது வந்துச்சு, வெளிய வராதீங்கன்னு இருந்துச்சு. காலை உள்ள இழுத்துக்கிட்டு உக்காந்துட்டேன். கொஞ்ச நேரத்துல பெட்டி தானா நகர்ந்துச்சு. என் கால் இருக்கு அய்யா." இதை உன் அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டப் போனேன், பாதியில் போனை அவள் கையில் கொடுத்துவிட்டேன், மீதியை அவள்தான் படித்தாள். பதிலுக்கு என்ன எழுதுவது என்று அரை மணி நேரம் யோசித்து, "அந்த லிஃப்டின் பிரேக்கை உடனே பார்க்கச் சொல்லுங்கள், அதுவரை படியில் போங்கள்" என்று எழுதினேன். பக்கத்தை அழிக்காதே. தொட்டால் மைத்துனன் என்றும் பார்க்க மாட்டேன். மேலே எழுதியது எதையும் படிக்காதே, இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வராமல்தான் அனுப்புகிறேன். மீதி ஆறு தவறுகளில் இரண்டு சரியாக விளக்கப்படவில்லை, இப்போதே உட்கார்ந்து திருத்துகிறேன்.