லில் நகரத்துச் சனிக்கிழமைகள்

"அங்க இப்ப பின்னேரம் மூண்டு மணி. வீடியோ கோல் எடுங்கோ, பிள்ளையின்ரை முகத்தைப் பாப்பம்" என்று மனைவி எமில்டா கைபேசியை நீட்டினாள். வாயில் இருந்த பாண் துண்டை விழுங்க யேசுரட்ணம் வழமையைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்.

"அவள் லைப்ரரியில. உள்ளுக்கை கதைக்க விடமாட்டினம்."

அன்று அம்ஸ்ரடாம் போவதாக மகள் ஸ்டெபனி அவரிடம் வியாழக்கிழமையே சொல்லியிருந்தாள்.

ஸ்டெபனி ரொறன்ரோவில் பொருளியல் படிக்கிறவள். மூன்றாம் வருடத்தில் ஒரு தவணையை வேறு நாட்டில் படிக்கலாம் என்றதும் பிரான்சின் லில் நகரத்தைத் தெரிவு செய்தாள். படிக்கப் போகிறவள் படித்துவிட்டு வரவேண்டும், கூட்டாளிகளோடு ஊர் சுற்றக்கூடாது என்பது எமில்டாவின் நிபந்தனை. விமான நிலையத்திலும் அதை இரண்டு தரம் சொன்னாள்.

யேசுரட்ணத்துக்கு அப்படி நிபந்தனை எதுவும் இல்லை. இருபத்துமூன்று வயதில் கனடாவுக்கு வரும் வழியில் அவரும் ஐரோப்பாவைக் கடந்தவர்தான். மூடிய வான் வண்டி ஒன்றின் பின்பக்கத்தில், வேறு எட்டுப் பேரோடு, மூன்று நாட்கள். ஜேர்மனியின் வீதிகள் நல்லவை என்பது அவருக்கு முதுகு வழியாக மட்டுமே தெரியும்.

ஆகவே வியாழக்கிழமைகளில், ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் தான் வேலை செய்யும் யன்னல் தொழிற்சாலையின் இடைவேளையில், காருக்குள் போயிருந்து மகளை அழைப்பார். "இந்தக் கிழமை எங்க போறாய்?" என்று கேட்பார். முதல்முறை கேட்டபோது ஸ்டெபனி கொஞ்சம் தயங்கினாள். பிறகு பிரசெல்ஸ் என்றாள். அடுத்த கிழமை கொலோன். கூட வருவது மூன்று பெண்பிள்ளைகள் என்றாள். "அப்பா, ப்ளீஸ், அம்மாட்ட சொல்லாதேங்கோ."

சனிக்கிழமை படங்கள் வரும். ஒரு பாலம், ஒரு ட்ராம் வண்டி, கிறீம் அப்பிய ஒரு கேக். யேசுரட்ணம் வீட்டுக் கராஜில் நின்று அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். பாலத்தின் கீழே போகும் படகில் எத்தனை பேர் என்றுகூட எண்ணுவார். பிறகு எமில்டாவின் கண்ணில் படக்கூடாதென்று அழித்துவிடுவார்.

மகள் சனிக்கிழமைகளிலும் நூலகத்தில் இருக்கிறாள் என்ற செய்தி எமில்டாவுக்கு முதலில் இனித்தது. மோர்னிங்சைட்டில் அவர்கள் போகும் கத்தோலிக்கக் கோயிலில், பூசை முடிந்த கையோடு அகப்பட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். ஆனால் வீடியோ அழைப்புக்கும் வரமுடியாத அளவுக்குப் படிப்பு என்றானதும் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு கூட்டாளிகூட இல்லாமல் பிள்ளைக்கு மனம் குழம்பிவிடும் என்று அழுதாள். மகளுக்கு ஒரு நல்ல சிநேகிதியைத் தரவேண்டும் என்று நேர்ந்து, வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடாமல் வேலைக்குப் போகத் தொடங்கினாள். முதியோர் இல்லத்தில் எட்டு மணி நேரம் நின்று செய்கிற வேலை.

நான்கு வெள்ளிகள் யேசுரட்ணம் பொறுத்துப் பார்த்தார். அதற்குமேல் முடியவில்லை. ஸ்டெபனிக்கு மரி என்று ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டாள், நூலகத்தில் பக்கத்துக் கதிரை, ஒவ்வொரு நாளும் கோயிலுக்குப் போகிற பிள்ளை என்றார்.

எமில்டா சிலுவை போட்டுக்கொண்டாள். நோன்பு அன்றோடு முடிந்தது. உடனே பாரிசில் இருக்கும் தன் ஒன்றுவிட்ட தங்கை கிளடிசை அழைத்தாள். பாரிசிலிருந்து லில்லுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். சனிக்கிழமை பின்னேரம் நூலகத்துக்கே போய், இரண்டு பிள்ளைகளுக்கும் சோறும் மீன் பொரியலும் கொடுத்துவிட்டு வருவதென்று முடிவாகிவிட்டது. எல்லாம் ஒழுங்கானபின், வெள்ளிக்கிழமை மாலைதான் கணவனுக்குச் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை பிராக்.

யேசுரட்ணம் கராஜுக்குப் போய் மகளை அழைத்தார். தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. பிராக்கில் இறங்கித் தூங்கிவிட்டாள் என்று நினைத்தார். எட்டுச் செய்திகள் அனுப்பினார். எட்டும் போய்ச் சேராமல் கிடந்தன.

சனிக்கிழமை விடிந்ததும் அதே கராஜில் நின்று கிளடிசை அழைத்தார். ஸ்டெபனிக்குக் காய்ச்சல், ஒருவரில் இருந்து ஒருவருக்குத் தொற்றுகிற வகை, கிட்டப் போகவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார் என்றார். கிளடிஸ் மருத்துவமனையில் வேலை செய்கிறவள். தனக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று, இரசமும் வைத்துக்கொண்டு அடுத்த ரயிலிலேயே போகிறேன் என்றாள். பிறகு லில்லில் இறங்கியதும் கடமை தவறாமல் அக்காவுக்கும் அறிவித்தாள்.

மகளை மறுபடி மறுபடி அழைத்துக் களைத்து யேசுரட்ணம் உள்ளே வந்தபோது, நிலக்கீழ் அறையில் இருந்த சூட்கேஸ் வரவேற்பறையில் திறந்து கிடந்தது. எமில்டா மடிக்கணினியில் அன்றைய பாரிஸ் விமானம் தேடிக்கொண்டிருந்தாள். தன் பெயரையே இரண்டு தரம் பிழையாகத் தட்டெழுதினாள்.

அதைப் பார்த்ததும் அவருக்கு இனிச் சொல்ல ஒரு பொய்யும் மிஞ்சவில்லை.

"காய்ச்சல் இல்லை, எமில்டா. பிள்ளை பிராக்கில நிக்கிறாள்."

பிராக்கிலிருந்து பின்னோக்கி எல்லா ஊரையும் சொன்னார். மரி என்று ஒருத்தி இல்லை என்பதையும் சொன்னார்.

"அப்ப லைப்ரரி?"

"ஒரு சனிக்கிழமையும் இல்லை."

எமில்டா மடிக்கணினியை மூடினாள். "நாலு வெள்ளி நான் சாப்பிடேல்லை" என்றாள், சத்தம் இல்லாமல்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவள் கேட்டாள். "அந்த வானுக்குள்ள ஒரு ஓட்டை இருந்தது. ஒரு விரல் கனம்கூட இல்லை. அதுக்குள்ளால நான் பாத்ததுதான் எனக்கு ஐரோப்பா. பிள்ளையாவது முழுசாப் பாக்கட்டும் எண்டு நினைச்சன்."

எமில்டா படங்களைக் காட்டச் சொன்னாள். அழிக்க மனம் வராமல் வைத்திருந்த ஒரேயொரு பாலத்தை அவர் காட்டினார்.

"வடிவாத்தான் இருக்கு" என்றாள். அதற்காக மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. "அவள் உங்களிட்டையாவது உண்மையைச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் என்னட்ட ஒரு உண்மைகூடச் சொல்லேல்லை."

அதை யேசுரட்ணம் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு முடிப்பதற்குள் கைபேசி அடித்தது. கிளடிஸ், வீடியோ அழைப்பில். ஸ்டெபனியின் மூடிய அறைக் கதவுக்கு முன்னால் சோற்றுப் பெட்டியோடு நிற்கிற கிளடிசை எதிர்பார்த்து இருவரும் திரையைப் பார்த்தார்கள். அவளுக்குப் பின்னால் கூரைவரை புத்தகங்கள் இருந்தன. யாருக்கோ பயந்தவள்போல அவள் குரலைத் தாழ்த்திக் கதைத்தாள்.

"அக்கா, அறையில ஆளைக் காணேல்லை எண்டு இஞ்ச வந்தன், பிள்ளைக்குக் காய்ச்சலும் இல்லை ஒண்டும் இல்லை, லைப்ரரியிலதான் இருக்கிறா, வந்த நாளிலயிருந்து ஒவ்வொரு சனியும் இஞ்சதானாம், அத்தான் அவ்வளவு ஆசையா 'எங்க போறாய்' எண்டு கேக்கேக்கை இல்லையெண்டு சொல்ல மனம் வராமல்தான், கூட்டாளியள் போன இடத்துப் படங்களை அவருக்கு அனுப்பினவவாம்."