பதினேழாவது வழி

கார்மேகம் கண் விழித்தபோது, தலைமாட்டில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் தானாக உருண்டு கால்மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆணியில் மாட்டிய சட்டை ஊஞ்சலாடியது. எவர்சில்வர் தட்டு கரண்டியோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தது.

சளி மாத்திரையின் மயக்கம் என்றுதான் முதலில் நினைத்தான். அப்புறம் ஜன்னல் திரையை ஒரு விரல் அகலத்துக்கு விலக்கினான். இரண்டு வருடமாக அந்த ஜன்னலில் தெரிந்த டயர்க் கடைச் சுவரைக் காணோம். துபாயின் அல் கூஸையே காணோம். விளக்குக் கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.

வீடு போய்க்கொண்டிருந்தது.

வீடு என்று அவன் மட்டும்தான் சொல்வான். கம்பெனி முதலாளி குடும்பத்தோடு பாலைவனத்தில் தங்குவதற்காக வாங்கிய கேரவன் அது. கட்டில், அடுப்பு, கழுவுகிற தொட்டி எல்லாம் உண்டு. இரண்டு தடவை தங்கிவிட்டு, அல் கூஸ் யார்டின் ஒரு மூலையில் கொண்டுவந்து நிறுத்தினார். அதோடு மறந்தும் போனார். அந்த யார்டின் ஸ்டோரில் கார்மேகம் ஹெல்பர். கராமாவில் முன்பு அவன் படுத்திருந்த கட்டிலுக்கு வாடகையை ஏற்றிக்கொண்டே போனார்கள். அவனிடம் ஒரு நோட்டு இருந்தது. அதன் முதல் பக்கத்தில் தன் பெயரையும் கம்பெனி நம்பரையும் எழுதி, கீழே கோடு போட்டு, 'செலவைக் குறைக்கும் வழிகள்' என்று தலைப்பிட்டிருந்தான். மூன்றாவது வழி, ஊர் சுற்றாதிருத்தல். எட்டாவது வழி, போனில் பேசாமல் மிஸ்டு கால் கொடுத்தல். பதினேழாவது வழி, கேரவன்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு உள்ளே போவான். காலையில் யாரும் வருவதற்கு முன் வெளியே வந்துவிடுவான். மிச்சமான வாடகை கராமாவில் நடக்கும் மாலை வகுப்புக்குப் போனது. கணக்கு, கம்ப்யூட்டர், கொஞ்சம் இங்கிலீஷ். இன்னும் மூன்று மாதம் படித்தால் சான்றிதழ் வரும். மூட்டை தூக்குகிறவன் ஸ்டோர்கீப்பர் ஆகலாம். அதற்குள் மாட்டிக்கொண்டால் ஒரே வார்த்தைதான். கேன்சல். விசா, வேலை, வகுப்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு வார்த்தை போதும்.

இன்று வெள்ளிக்கிழமை, வார லீவு, யார்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நம்பி, மதியம் சாப்பிட்டு மாத்திரை போட்டுப் படுத்தான். யாரோ வந்திருக்கிறார்கள். வண்டியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

பதறக் கூடாது, வரிசையாக யோசிக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முதலில் பேண்ட். எழுந்த வேகத்தில் கால் பட்டு வாளி சாய்ந்தது. பேண்ட் தண்ணீரில் மிதந்தது. கைலிக்கு மேலேயே சட்டையைப் போட்டுக்கொண்டான். அடுத்தது போன். கராமாவில் இருக்கும் நண்பன் மீரா சாகிபுக்கும் அவனுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு மிஸ்டு கால் என்றால் சாப்பாட்டோடு வா. இரண்டு என்றால் இன்றைக்கு வகுப்புக்கு வரவில்லை. ஆபத்துக்கு எத்தனை என்று இருவரும் பேசி வைக்கவில்லை. ஆபத்து வரும் என்று அவன் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. மூன்று கொடுத்தான்.

கொடுத்த பிறகுதான், பேசியே இருக்கலாமோ என்று சந்தேகம் வந்தது.

தைத் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டி நின்றது. டிரைவர் காசு கொடுக்க உள்ளே போவது திரை வழியாகத் தெரிந்தது. கார்மேகம் சத்தமில்லாமல் இறங்கிக் கதவைச் சாத்தினான். உள்ளே தாழ்ப்பாள் 'டக்' என்று தானாக விழுந்தது. நாலடி நடந்த பிறகு நோட்டு ஞாபகம் வந்தது. அவனிடம் இருந்த சாவி உள்ளே. பெட்டி உள்ளே. பாஸ்போர்ட் நகல் உள்ளே. பெயரும் நம்பரும் எழுதிக் கோடு போட்ட முதல் பக்கமும் உள்ளே.

"ஆரைத் தேடுறியள், தம்பி?"

டிரைவர் பின்னால் நின்றார். நரைத்த மீசை, கையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள். பேச்சிலேயே யாழ்ப்பாணம் என்று தெரிந்தது.

"லிப்டு கிடைக்குமாண்ணே?"

"எங்கை போறியள்?"

"நீங்க எங்கிட்டுப் போறீகளோ, அங்கிட்டுத்தாண்ணே."

அவர் கைலியை ஒரு தரம் பார்த்தார். ஒரு கோப்பையை அவன் கையில் கொடுத்தார். "ஏறுங்கோ. என்ர பேர் கதிர்காமு."

"நான் விஜயபாஸ்கர்ணே."

"என்ன வேலை?"

"ரியல் எஸ்டேட்."

"சாரத்தோடையோ?"

"இன்னைக்கு லீவுண்ணே."

"ஓம், லீவு எண்டா எல்லாரும் சாரம்தான்" என்று கதிர்காமு வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் காதைச் சாய்த்தார். "பின்னால என்னவோ உருளுது. நிப்பாட்டித் துறந்து பாப்பமே?"

"வேண்டாம்ணே, தண்ணி பாட்டிலாத்தான் இருக்கும்."

"பாட்டில் எண்டு எப்பிடித் தெரியும்?"

"சத்தத்த வச்சுத்தாண்ணே. வீடு வித்து வித்து எனக்குச் சத்தமெல்லாம் பழக்கம்."

"நல்ல தொழில்" என்றார் கதிர்காமு.

அப்போது போன் அடித்தது. மீரா சாகிப்.

"டேய் கார்மேகம், மூணு குடுத்தியே, மூணுன்னா என்னடா? ஒண்ணும் ரெண்டும் சேர்ந்ததா?"

கார்மேகம் பக்கத்தில் இருந்தவரைக் கடைக்கண்ணால் பார்த்தான். "சொல்லுங்க சார்."

"யாருடா சார்? வகுப்புக்குப் போகல, சாப்பாட்டோட வான்னு நானா அர்த்தம் பண்ணிக்கிட்டு, பிரியாணி வாங்கிட்டு அல் கூஸ் வந்து நிக்கிறேன். இங்க கேரவனையே காணோம்டா."

"ஆமா சார், அந்த வீடு இப்ப அங்க இல்ல சார்."

"நீ எங்க இருக்க?"

"பார்ட்டியோட சைட் பார்க்கப் போய்க்கிட்டிருக்கேன் சார்."

"காய்ச்சல் ஏறிருச்சாடா ஒனக்கு? சரி, பயப்படாத. யார்டு கேட்டுல மாட்டிருக்கிற போர்டுல நம்பர் இருந்துச்சு. உங்க மேனேஜருக்கே போன் போட்டுட்டேன்."

கார்மேகம் தேநீர்க் கோப்பையை டாஷ்போர்டில் வைத்தான். "என்ன சொன்னீக சார்?"

"உள்ளதச் சொன்னேன். கேரவன் திருட்டுப் போச்சு, அதுக்குள்ள என் ஃபிரண்டு தூங்கிக்கிட்டிருந்தான்னு."

"அதுக்கு அவரு?"

"சிரிச்சாருடா. பொருளத் திருட்டுக் குடுத்தவன் சிரிப்பானா? எனக்கு என்னமோ பயமா இருக்கு. பிரியாணிய நானே சாப்பிட்டுறவா?"

"சாப்பிடுங்க சார்" என்று போனை வைத்தான்.

எல்லாம் முடிந்துவிட்டது. முடிந்ததை ஒழுங்காக எண்ணிப் பார்க்கலாம் என்று தலையை நிமிர்த்தியவனுக்கு, எண்ண முடியவில்லை. எதிரே மலை வந்துவிட்டது.

மணல் எப்போது செம்மண் நிறமானது, எப்போது முடிந்தது என்று அவன் கவனிக்கவில்லை. வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கருப்பாக, ஊதாவாக, துருப்பிடித்த இரும்பு நிறமாக மலைகள் நின்றன. புல் கிடையாது. மரம் கிடையாது. ஊரில் அவன் பார்த்த மலைப் படங்களெல்லாம் தோலோடு இருந்தன; இவை தோலை உரித்துவிட்டு, உள்ளே இப்படித்தான் இருப்போம் என்று காட்டின. ஒரு மலைக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் வெளிறிப்போன இன்னொன்று. இத்தனை பெரியவை இத்தனை நாளும் இரண்டு மணி நேரத் தூரத்தில் நின்றிருக்கின்றன. ஆறு வருடமாக வெளிநாட்டில் இருக்கிறேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நாட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

வேலை போகிற நேரத்தில் மலையைப் பார்த்து வாயைப் பிளப்பது சரிதானா என்று ஒரு பக்கம் மனசு கேட்டது. வாய் அதைக் கேட்கவில்லை.

"உங்கட ஊரிலை மலை இல்லையோ?"

"முதுகுளத்தூர்ப் பக்கம்ணே. மேடுன்னா எங்களுக்குக் கண்மாய்க் கரைதான்."

மசாஃபி என்ற ஊர் தாண்டியதும் மேகம் இறங்கி, மலையின் தோளில் உட்கார்ந்தது. கண்ணாடியில் பத்துப் பதினைந்து சொட்டு விழுந்தது. கதிர்காமு வைப்பரைப் போடவில்லை. "அபூர்வமாத்தான் பெய்யும். பாருங்கோ" என்றார். இருவரும் அந்தச் சொட்டுகள் காற்றில் மேல்நோக்கி ஊர்வதைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கேரவனை இழுக்கும் வண்டி கட்டைவண்டி வேகத்தில்தான் ஏறியது. பின்னால் வந்த கார்களெல்லாம் ஹார்ன் அடித்துத் தாண்டிப் போயின. இந்த மனிதர் ஏன் இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறார் என்று கேட்க நினைத்தான். மெதுவாகப் போவதே நல்லது என்று விட்டுவிட்டான்.

கடைசி வளைவில் மலை விலகியது. கடல்.

துபாயில் அவன் பார்த்த கடல் கிரேன்களுக்கு இடையில் துண்டு துண்டாகத் தெரியும். இது முழுசாக இருந்தது. மலை இறங்கி வந்து காலை நனைத்துக்கொண்டு நின்றது. அந்த ஊர் திப்பா; கம்பெனி புதிதாக எடுத்த ரோடு வேலை அங்கேதான். கரையை ஒட்டி இரண்டு கன்டெய்னர், கொஞ்சம் கம்பி, ஒரு தண்ணீர்த் தொட்டி. வேறு ஆள் யாரும் இல்லை.

கதிர்காமு கேரவனைக் கடலைப் பார்த்தாற்போல நிறுத்திக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

கார்மேகத்துக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. உள்ளே இருக்கும் பெட்டி எவனுடையதோ என்று சொல்லிவிட்டு, விஜயபாஸ்கராகவே நடந்து போய்விடலாம். நோட்டு அவனைக் காட்டிக்கொடுப்பதற்குள் கொஞ்ச தூரம் போயிருப்பான். ஆனால் அந்தக் கடலை முன்னால் வைத்துக்கொண்டு ரியல் எஸ்டேட் என்று மறுபடி சொல்ல நாக்கு எழவில்லை.

"அண்ணே, தொறக்காதீக. நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கோ."

"என் பேரு கார்மேகம். ஸ்டோர் ஹெல்பர். உள்ள இருக்கிறதெல்லாம் என் சாமான்தான். வாடகைய மிச்சம் பிடிக்கலாம்னு ரெண்டு வருசமா யாருக்கும் தெரியாம இதுக்குள்ளதான் இருந்தேன். கம்பெனிய ஏமாத்தினது தப்புதான். மேனேஜர்கிட்ட நீங்களே சொல்லிருங்க. மூணு மாசம் கழிச்சுக் கேன்சல் பண்ணச் சொல்லி மட்டும் கேட்டுப் பாருங்கண்ணே, ஒரு பரீட்சை இருக்கு."

கதிர்காமு கதவைத் திறந்து, ஈரப் பேண்டை எடுத்துப் பிழிந்து, கைப்பிடியில் காயப் போட்டார்.

"தெரியும், தம்பி. நான் அல் கூஸிலை இருந்து வெளிக்கிடேக்கையே மேனேஜர் சொல்லித்தான் விட்டவர்: 'மெதுவா ஓடு, உள்ளுக்குள்ள எங்கட வாட்ச்மேன் படுத்திருக்கிறான், ரெண்டு வருசமாச் சம்பளமே கேக்காத வாட்ச்மேன், எழுப்பிப்போடாதை' எண்டு."