ஆரணியை மறைக்கப் போய் பாவில் மாட்டிய கதை

கூச்ச சுபாவம் உள்ளவன் வாழ்க்கையில் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. கூலிங் கிளாஸ் போடுவது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. (படித்ததே பத்தாவதுதான்.) அனுபவம். அதுவும் குனிந்த நிலையில் கிடைத்த அனுபவம்.

எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. களம்பூர் ரைஸ் மில்லில் லாரிகளில் மூட்டை ஏற்றுவதை மேற்பார்வையிடும் வேலை. வீடு ஆரணியில். ஆள் சுமார்தான் என்றாலும் குறை சொல்லும்படி இல்லை என்று தரகர் நடேசன் சொல்லுவார். "உனக்கு வர்ற வரன்லாம் உன்னப் பாத்து ஓடல சேகரு. ஊரப் பாத்து ஓடுது!"

உண்மைதான். வேலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே பெண்ணின் அப்பா வேட்டியில் ஒரு பஸ் சேற்றை வாரி அடித்துவிட்டது. அதன் பிறகு திறந்த சாக்கடை, அதன் ஓரம் படுத்திருந்த பன்றி, நடுரோட்டில் மாடு, மாட்டைச் சுற்றிக்கொண்டு போன லாரி, எல்லாவற்றையும் தாண்டி வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு பவர்லூம். "இன்னா சத்தங்க இது?" என்று அவர் கேட்டார். "எது?" என்று நான் கேட்டேன். நிஜமாகவே எனக்குக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கியவன். கரண்ட் போனால் மற்ற ஊர்களில் விளக்கு அணையும். எங்கள் தெருவில் தறி நின்றதும் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். அவர்கள் காபி குடிக்காமலேயே போய்விட்டார்கள்.

அப்புறம்தான் அம்பத்தூரிலிருந்து கவிதாவின் வரன் வந்தது. போட்டோவைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. (அவளுக்கும் பிடித்தது என்று நடேசன் சொன்னார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும்.) ஆனால் கவிதாவின் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். வீடு பார்க்க வருவோம். ஊர் எங்களுக்குச் சரிப்பட்டால் சரி. இல்லாவிட்டால் மாப்பிள்ளை அம்பத்தூருக்கு வந்துவிட வேண்டும், கம்பெனியில் வேலை வாங்கித் தருகிறேன்.

ஆரணியை விட்டுப் போவதா? மில்லுக்காகக் களம்பூரில் தங்க நேர்ந்த ராத்திரிகளிலேயே தறிச் சத்தம் இல்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவன் நான். கவிதாவும் வேண்டும், ஆரணியும் வேண்டும். ஊர் சுத்தமாக, அமைதியாக இருக்கும் என்று நடேசனிடம் சொல்லி அனுப்பினேன். இனி ஒரே வழி, அவர்கள் கண்ணில் ஆரணியைக் காட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவருவது.

முந்தின நாள் சாயங்காலம் டிவிஎஸ் வண்டியில் ஊரையே சுற்றினேன். பன்றி இல்லாத தெருவில் குப்பை இருந்தது. குப்பை இல்லாத தெருவில் பள்ளம் இருந்தது. கடைசியில் ஒரு தெருவுக்குள் நுழைந்தேன், வண்டி தானாகவே நின்றுவிட்டது. இது ஆரணிதானா? நேராக, அகலமாக ஒரு தெரு. ஒரு கல் இல்லை, ஒரு காகிதம் இல்லை. பெண்கள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கூட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தியிருந்த வண்டிகளைக்கூட ஆட்கள் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடவுளே எனக்காகக் கூட்ட வைத்ததுபோல் இருந்தது.

பட்டு நெய்கிற ஊரில் பிறந்தவன், அதற்கு முன் ஒரு வாரம் விடாமல் மழை பெய்ததை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. காதல்.

மறுநாள் காலை நல்ல வெயில். ஊர் எல்லையிலேயே காத்திருந்தேன். "கொஞ்சம் ஸ்டைலா இருப்பா" என்று நடேசன் தன் கூலிங் கிளாஸை என் கண்ணில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். கார் வந்தது. உள்ளே கவிதாவின் அப்பா, அம்மா, அத்தை. பின்சீட்டு மூலையில் கவிதா! வீடு பார்க்கப் பெண் வருகிற வழக்கம் இல்லை. "நானும் பாத்தாதான் ஆச்சுன்னு ஒரே பிடிவாதம் தம்பி" என்றார் அப்பா. நான் டிவிஎஸ்ஸைக் கிளப்பினேன். மந்திரி காருக்கு முன்னால் போகிற பைலட் மாதிரி திரும்பியே பார்க்காமல் போனேன். சந்து பொந்தெல்லாம் தாண்டி அந்தத் தங்கத் தெருவுக்குள் நுழைந்தேன்.

தெரு நடுவே, இடுப்பு உயரத்தில், ஒரு கிளிப்பச்சை ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

பாவு. புடவைக்கு நீளவாட்டில் போகிற பட்டு நூல் அத்தனையையும் தெருவில் இழுத்துக் கட்டி, கம்பு கொடுத்துத் தாங்கி, அறுந்த இழைகளை முடிந்து சீர்படுத்துவார்கள். மழை விட்ட முதல் காலையில் தெருவே பாவாகிவிடும். முந்தின நாள் அத்தனை சுத்தமாகக் கூட்டியதும் அதற்காகத்தான். நூல் கீழே பட்டாலும் ஒரு தூசி ஒட்டக்கூடாதே.

சரி, திரும்பிவிடலாம் என்று பார்த்தால், காருக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் கத்திரிப்பூ நிறத்தில் தங்கள் பாவை நீட்டி முடித்திருந்தது. (எங்கள் ஊரில் ஜல்தியாக நடக்கிற ஒரே வேலை இதுதான்.) முன்னால் பச்சை, பின்னால் கத்திரிப்பூ, நடுவில் என் கல்யாணம்.

கவிதாவின் அப்பா ஆரன் அடித்தார். பச்சைப் பாவில் இழை முடிந்துகொண்டிருந்த சரோஜா அக்கா தலையைத் தூக்காமலேயே கேட்டார்: "ஆரன் அடிச்சா பாவு எழுந்து வழி விடுமா சார்?"

"எவ்ளோ நேரம்மா ஆவும்?"

"முடியற வரைக்கும் ஆவும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வியர்த்துக் கண்ணாடியில் ஆவி படிந்தது. அதைத் தலைக்குமேல் ஏற்றிவிட்டேன். பாவுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. அதில் புகுந்து நாலைந்து தெரு தாண்டினால் எங்கள் வீடு. "அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேங்க" என்று முனகிவிட்டுப் பாவுக்கு அடியில் குனிந்து நுழைந்தேன். (சொல்லிவிட்டுத் திரும்பி வரும் எண்ணம் எனக்கு இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.)

தாண்டிவிட்டதாக நினைத்துக் கொஞ்சம் சீக்கிரம் நிமிர்ந்தேன். நடேசனின் கூலிங் கிளாஸ் பட்டில் மாட்டியது. நாலைந்து இழை பட் பட் என்று அறுந்தது. மற்றவை கண்ணாடியின் ஆணியிலும் என் முடியிலும் சிக்கிக்கொண்டன.

"அசையாதடா! மூச்சக்கூட மெள்ள வுடு!" சரோஜா அக்காவின் குரலில் தெருவே உறைந்தது. நாலு வீட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். "யார்ரா இவன், பாவுக்குள்ள ஸ்டைல் பண்ணிகினு?" "மில்லுக்காரன்க்கா, நம்மூரு பையன்தான்." "நம்மூருக்காரனா? வெளியூர்க்காரன்னாகூட மன்னிச்சிருப்பேன்!"

அப்படியே அரைக்குனியலில் நின்றேன். இழை இழையாகத்தான் பிரிக்க முடியுமாம். அந்த நிலையில் எனக்குத் தெரிந்தது தரை மட்டும்தான். தரையில் இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன. அப்புறம் ஒரு முகம், குந்தி உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராக.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் கவிதா. "இப்ப ஓட முடியாதுல்ல?"

"முடியாதுங்க."

"ஊரு சுத்தமா, அமைதியா இருக்கும்னு தரகர்கிட்ட சொல்லி அனுப்பினீங்களே, நெசமா?"

தலையை ஆட்டினால் இழை அறுந்துவிடும். வாயால்தான் சொல்லியாக வேண்டும். "பொய்ங்க. இந்த ஒரு தெருதான் சுத்தம். அதுவும் பாவு எடுத்தா போயிடும். சாக்கடை இருக்கு, பன்னி இருக்கு, ராத்திரியெல்லாம் தறி ஓடும். பஸ் ஸ்டாண்டு பேஜார்."

"அப்புறம் ஏன் இங்கயே இருக்கணும்னு இருக்கீங்க?"

வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. தறிச் சத்தம் நின்றால் தெருவே விழித்துக்கொள்வதைச் சொன்னேன். சாயம் போட்ட நாளில் சிவப்பும் மஞ்சளுமாக ஓடுகிற எங்கள் சாக்கடையைப் பார்த்துச் சின்ன வயசில் எல்லா ஊர்ச் சாக்கடையும் கலரில்தான் ஓடும் என்று நம்பியதைச் சொன்னேன். நடுரோட்டு மாட்டுக்கு டிரைவர்கள் பேர் வைத்திருப்பதைச் சொன்னேன். "எதுக்குன்னு தெரியலைங்க. புடிச்சிருக்கு" என்று முடித்தேன். மேலே சரோஜா அக்காவின் விரல்கள் ஒரு நொடி நின்றன. "பரவால்லடா, வாய் இருக்கு உனக்கு" என்றார்.

கவிதா சிரித்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள். அவள் அப்பாவுக்கு யாரோ நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் மோர் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்திலேயே! அவள் அம்மாவும் அத்தையும் கத்திரிப்பூ பாவுப் பக்கம் போய், எந்தக் கலருக்கு எந்தக் கரை எடுக்கும் என்று ஆளுக்கொரு கட்சியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஊர்ல ரோட்ட மறிச்சா அடிதடி ஆயிடும்" என்றாள் கவிதா. "இங்க மறிச்சவங்களே மோரும் குடுக்குறாங்க."

நான் விடுபட்டு நிமிர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. எங்கள் வீட்டு பஜ்ஜி ஆறிப்போய், அம்மாவே தட்டோடு தெருவுக்கு வந்துவிட்டார். வீடு பார்க்கும் சடங்கு அங்கேயே, இரண்டு பாவுக்கு நடுவில் முடிந்தது. வீட்டை அவர்கள் பார்க்கவே இல்லை.

கல்யாணப் புடவை அந்தக் கிளிப்பச்சைப் பாவில்தான் வேண்டும் என்று கவிதா ஒற்றைக் காலில் நின்றாள். இன்றைக்கும் அதை விரித்தால் ஓர் இடத்தில் முடிச்சுகள் லேசாக விரலில் தட்டும். "உங்கப்பா மாட்டிகின இடம்" என்று எங்கள் மகளுக்குக் காட்டுவாள். அம்பத்தூரில் என் மாமனார் வீட்டில் போக்குவரத்து நெரிசல் என்ற சொல்லே கிடையாது. கார் நின்றால் "பாவு போட்டுட்டாங்க" என்பார்கள். எங்கள் ஊருக்கு வரும்போது மட்டும் மாமனார் ஊர் எல்லையிலேயே காரை நிறுத்திப் போன் செய்வார்: "மாப்ளே, தெரு எப்படி இருக்கு? சுத்தமா இருந்தா நான் வேற வழியா வரேன்."

இப்போது நாங்கள் அதே தெருவில்தான் வாடகைக்கு இருக்கிறோம். அவள் தேர்ந்தெடுத்த வீடு. போன மாதம் மழை விட்ட காலையில் ஒரு வெளியூர் கார் வந்து பாவுக்கு நடுவில் நின்று ஆரன் அடித்தது. என் மனைவி மோர்ச் சொம்போடு போய், "ஆரன் அடிச்சா பாவு எழுந்து வழி விடுமா சார்?" என்று ஆரம்பித்து, முழுக் கதையையும் சொல்லி, வாசலில் நின்ற என்னைக் கையால் காட்டினாள். நான் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

காரில் இருந்தவர் என்னைப் பார்த்தார். பாவைப் பார்த்தார். பிறகு தலைமேல் ஏற்றி வைத்திருந்த கூலிங் கிளாஸை மெதுவாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.