முதல் டோக்கன் அண்ணாச்சியின் இமைகள்

கொச்சி மட்டாஞ்சேரியில் முதல் டோக்கன் அண்ணாச்சிக்கு முன்னால் வரிசையில் நின்ற மனிதப் பிறவியே கிடையாது. ரேஷன் கடையோ படகுத்துறையோ, கதவு திறக்கும்போது அங்கே அவர் முதுகுதான் இருக்கும். திருநெல்வேலிக்காரர். கொச்சங்காடி இஞ்சிக் கிடங்கில் என்னோடு வேலை பார்த்தார்.

எழுபதுகளின் கடைசியில் அவருடைய இமைகள் இறங்க ஆரம்பித்தன. காலையில் கண் பளிச்சென்று இருக்கும். மதியத்துக்கு மேல் பாதி மூடிவிடும். முகவாயை உயர்த்தி, மூக்கு நுனி வழியாக எங்களைப் பார்ப்பார். முதலாளி அதைத் திமிர் என்றார். மூட்டை தூக்குபவர்கள் கள் என்றார்கள். "ஏன்வே, ரெண்டு பேரா வந்து நிக்கீரு?" என்று தனியாக நின்ற என்னிடம் கேட்டபோது நானும் கள் கட்சியில் சேர்ந்தேன்.

ஒரு மாலை, அவர் குடித்த சாயா மூக்கு வழியாக வந்தது. அன்றோடு எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

டாக்டரிடம் போனார். எப்படி? விடிந்ததும் விடியாததுமாக, முதல் டோக்கனில். அந்த நேரத்தில் கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன. "ஒறக்கம் போரா, சேட்டா" என்று, தூக்கம் போதாததுதான் காரணமென்று டாக்டர் அனுப்பிவிட்டார். மறுபடி போனார், மறுபடி முதல் டோக்கன், அதே பதில். இதற்குள் பேச்சு குழறியது, சோறு தொண்டையில் நின்றது. அடுத்த முறை அவர் மனைவியும் நானும் கூடவே போனோம்.

"காலையில நல்லாத்தான் இருக்காக டாக்டர்," என்றார் மதினி. "பொழுது சாயச் சாயக் கண்ணு மூடிக்கிடுது. தூங்கி எந்திரிச்சா சரியாயிருது. எனக்குப் பயமாருக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப இன்னைக்கு வைகுந்நேரம் கடைசி டோக்கன்ல வரணும்."

அண்ணாச்சிக்கு வாழ்க்கையில் அப்படியோர் அவமானம் நேர்ந்ததில்லை. மாலையில் ஒவ்வொருவர் உள்ளே போகும்போதும் பெஞ்சிலிருந்து எழுந்தார். மதினி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். எங்கள் முறை வந்தபோது அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை.

டாக்டர் மேலே மின்விசிறியையே பார்க்கச் சொன்னார். பார்க்கப் பார்க்க இமைகள் முழுக்க இறங்கிவிட்டன. கண்ணை மூடிச் சற்று ஓய்வெடுக்கச் சொன்னார். திறந்தபோது கொஞ்சம் ஏறியிருந்தன.

"இது ஒறக்கமில்ல. மயஸ்தீனியா கிராவிஸ். வேலை செய்யச் செய்யத் தசை சோர்ந்துபோகும். மூச்சு விடற தசைக்கு வந்தா ஆபத்து. இப்பவே எர்ணாகுளம் கொண்டுபோங்க."

படகு நகரவே நகராதது போலிருந்தது. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே நானும் மதினியும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் கடை ஷட்டர் மாதிரி இமைகள் மேலே ஏறின. மதினி அழுதுவிட்டார். அண்ணாச்சி வார்டைச் சுற்றிப் பார்த்தார்.

"மொத கட்டிலு காலியாத்தானவே கெடக்கு?"

பல வாரங்கள் கழித்து மாத்திரைகளோடு வீடு திரும்பினார். பிறகு ஒரு நாள் காலை, இன்றைக்கு நான்தான் முதல் ஆள் என்று படகுத்துறைக்கு விரைந்தேன். எனக்கு முன்னால் அந்த முதுகு நின்றது. இரண்டாவது ஆளாக நிற்பதில் அத்தனை சந்தோஷம் இருக்கிறதென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.