கிட்னி கம்பெனியில் எனக்கு நாற்பது பங்கு

வெட்கம் எனக்கு நேரத்துக்கு வராது. பட வேண்டிய இடத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். இரண்டு நாள் கழித்து, பாத்திரம் தேய்க்கும்போது சாவகாசமாக வந்து சேரும். ஒரே ஒரு முறை மட்டும் அது உடனே வந்தது, அதுவும் எட்டுப் பேர் முன்னிலையில்.

அப்போது பென்னாகரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். கைபேசியில் பங்குச் சந்தைக் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, எனக்குள் ஒரு கோடீஸ்வரி தூங்குவதாக முடிவு செய்திருந்தேன். நம் கண்ணெதிரே கூட்டம் கூடும் தொழிலில் பணம் போட வேண்டும் என்றார் ஒரு காணொளிக்காரர். என் கண்ணெதிரே கூட்டம் கூடிய இடம் டயாலிசிஸ் சென்டர்தான். என் கணவரின் அக்கா வசந்தி அண்ணிக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்து, வாரம் மூன்று நாள் தர்மபுரியில் ரத்தச் சுத்திகரிப்பு நடந்துகொண்டிருந்தது. சென்டரை நடத்துவது வடக்கே இருக்கும் ஒரு பெரிய கம்பெனி. அதில் நாற்பது பங்கு வாங்கினேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு சனிக்கிழமை அண்ணிக்குத் துணையாக நான் போனேன். (துணை என்பது பேருக்கு. என் முதலீட்டை நேரில் பார்க்கத்தான் போனேன்.) அண்ணியின் கையில் ஊசி ஏற்றி முடித்ததும், குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு டெக்னீஷியன் பெண்ணைப் பிடித்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை ஷிஃப்ட்டும்மா?"

"மூணுங்க மேடம்."

"மெஷின் எப்பவாச்சும் சும்மா இருக்குமா?"

"எங்கங்க? இன்னும் பதினோரு பேரு எடம் கெடைக்காம காத்துட்டு இருக்காங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். (எழுதி, அடிக்கோடு வேறு போட்டேன்.)

அறையில் எட்டுக் கட்டில். எட்டுப் பேரும் கண்ணைத் திறந்தார்கள்.

"எதுங்க நல்லது?" என்று கேட்டார் பக்கத்துக் கட்டில் சடையன். வத்தல்மலையில் சாமையும் கேழ்வரகும் போடுகிறவர்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கணக்கு டீச்சர் ஆயிற்றே, விளக்கினேன். பங்கு என்றால் என்ன, நோயாளிகள் கூடினால் பங்கு விலை ஏன் ஏறும் என்பது வரை விளக்கினேன்.

அண்ணியால் எழ முடியாது, கையில் இரண்டு ஊசி. எழ முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

"அப்ப நான் இங்க வந்து படுக்கறப்பல்லாம் உனக்குக் காசு வருதா?"

"ஐயோ அண்ணி, அப்படி இல்லைங்க. கணக்குப் போட்டா, உங்க ஒரு தடவைக்கு எனக்கு ஒரு பைசாகூடத் தேறாது."

"அவ்ளோ மலிவாப் போயிட்டனா நானு?"

ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். இன்னும் மூன்றரை மணி நேரம் அந்த அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முதலில் சிரித்தவர் சடையன். "அப்படின்னா இவங்க நம்ம ஓனருங்களா?" என்றார். அவ்வளவுதான், ஓனரிடம் குறைகள் வந்து குவிந்தன. மின்விசிறி சுற்றவில்லை. கூட வருகிறவர்களுக்கு உட்கார நாற்காலி இல்லை. சடையன் தன் குறையை மழையைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்.

"எனக்குப் பெரும்பாலும் கடைசி ஷிஃப்ட்டுதானுங்க. முடியறதுக்குள்ள மலைக்குப் போற பஸ்ஸு போயிடுது. பஸ் ஸ்டாண்டுலயே படுத்துக்கறேன். முடியாதப்ப வாரத்துல ஒண்ண வுட்டுடறதுங்க. வுட்டா நீர் ஏறி மூச்சு வாங்குது. மேனேஜருகிட்ட மூணு மாசமாக் கேக்கறேன்."

"ஓனரம்மா, எழுதிக்க" என்றார் அண்ணி. அடிக்கோட்டுக்குக் கீழேயே எழுதினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் இண்டூர் தாண்டியதும் அண்ணி என் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு கேட்டார்: "அந்தக் கம்பெனில ஓனருங்க பேசறதுக்குன்னு ஏதாச்சும் எடம் இருக்குதா?"

இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை பங்குதாரர் கூட்டம், வீடியோவில். குற்ற உணர்ச்சியில் பேசப் பெயர் கொடுத்தேன்.

கூட்டத்தன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் மனப்பாடம். எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் தலைவரை வாழ்த்திவிட்டு நகர்ந்தார்கள். என் பெயரை அழைத்தார்கள். முதல் அரை நிமிடம் ஒலியை அணைத்து வைத்தபடியே முழங்கினேன். யாரோ சொல்லி ஒலியைத் திறந்ததும் ஆங்கிலம் ஓடிவிட்டது. "குட் மார்னிங் சார்" என்றேன். மறுபடி "குட் மார்னிங் சார்" என்றேன். பின்னால் குக்கர் விசிலடித்தது.

பக்கத்தில் இருந்த அண்ணி கைபேசியைப் பிடுங்கினார்.

"வணக்கங்க. நான் ஓனரு இல்லீங்க, பேஷண்ட்டு. உங்க தர்மபுரி சென்டர்ல நாலாவது கட்டிலு. மலையிலருந்து வர்ற ஆளுக்குக் கடைசி ஷிஃப்ட்டக் குடுத்துட்டு, அவரு வரலைன்னு ரிஜிஸ்டர்ல எழுதறீங்க. பஸ்ஸு இல்லாம எப்படிங்க வருவாரு? காலையில போடுங்க."

நன்றி, அடுத்தவர் என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் வந்தது.

"இருங்க, ஃபேன் கதைய இன்னும் சொல்லல" என்றார் அண்ணி. இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தின் பதிவைக் கம்பெனி தன் இணையதளத்தில் போட்டது. காரிமங்கலம் முதல் ஓசூர் வரை எங்கள் சொந்தம் மொத்தமும் பார்த்தது. வாயைப் பிளந்து நிற்கும் என் முகம், ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்த அண்ணியின் கை. என் கணவருக்கு நாற்பது பங்கு விஷயம் தெரிய வந்ததும் அதில்தான்.

பத்து நாள் கழித்து சென்டர் மேனேஜர் கூப்பிட்டார். "மேடம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"மூணு மாசமா ஒருத்தர் சொன்னாருங்களே" என்றேன். என் வாழ்க்கையில் சரியான நேரத்தில் வந்த ஒரே பதில்.

சடையனுக்குக் காலை ஷிஃப்ட் கிடைத்தது. மின்விசிறி இன்றும் சுற்றவில்லை.

பிறகு பங்கு விலை சரிந்தது. விற்றுவிடு என்றார் கணவர். வியாதியில் லாபம் பார்ப்பது பாவம் என்றார்கள் உறவினர்கள். "நல்லதாப் போச்சு" என்று சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். பங்கு வைத்திருப்பதற்கு வெட்கப்பட மாட்டேன். விற்கவும் மாட்டேன். "வித்துடாத. வித்துட்டா நாம அவங்களுக்கு வெறும் பேஷண்ட்டுதான்" என்று அண்ணி சொல்லிவிட்டார்.

போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில் பந்தி தாமதமானது. கணவரின் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "இந்த மண்டபத்துல ரெண்டு பங்கு வாங்கிப் போடும்மா, வசந்தி பேசட்டும்" என்றார். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், கரண்ட் போனாலும், இப்போது எங்கள் வீட்டில் இதைத்தான் சொல்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அண்ணி சிரிப்பதில்லை. "எம் பேருல எத்தனை பங்கு இருந்தாப் பேச வுடுவாங்க?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார்.

ஒன்று போதும் என்று சொல்லியிருக்கிறேன்.