மகளுக்கும் முனீஸ்வரருக்கும் நடுவில் ஒரு மைக்

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஏங்கும் அப்பாவின் கையில் யாரும் மைக்கைக் கொடுக்கக் கூடாது. பட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

மகள் கயல் ஜெர்மனியில் லைப்சிக்குக்குப் படிக்கப் போனதும், மலேசியாவில் ஈப்போ வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் ஜெர்மன் படிக்கத் தொடங்கினேன். அவள் காதில் விழும் பேச்சாவது என் காதிலும் விழட்டும் என்ற ஆசை. (இந்த வயதில் நாக்கு வளையாது, சுளுக்கிக்கொண்டது.) எப்படியோ உயர்நிலை வகுப்புக்கு வந்து சேர்ந்தேன். அங்கே பாடம், இயற்கையும் அடையாளமும். ஜெர்மானியருக்குக் காடு எப்படியோ அப்படி உங்களுக்கு எது? அந்த இடத்தில் நின்றே நேரலையில் பேச வேண்டும் என்றார் ஆசிரியை. வீட்டாரும் பார்க்கலாமாம். கயலும் இணைந்துவிட்டாள்.

அந்த வாரம்தான் அவள் கேட்டிருந்தாள். "அப்பா, இங்கயே வேலை கெடச்சிருக்கு. இருந்துக்கவா?"

"தாராளமா இரும்மா" என்று சொல்லியிருந்தேன், சிரித்த முகமாக.

பக்கத்து ஊரான லகாட்டுக்கு அப்பால் நான் பிறந்த ரப்பர் தோட்டத்துக்கு மனைவியோடு போனேன். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காக எல்லாம் செம்பனை ஆக்கிவிட்டார்கள். முனீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் மட்டும் சில கிழட்டு ரப்பர் மரங்கள். தோட்டத்தில் பிறந்தவன் முனீஸ்வரரிடம் சொல்லாமல் மரத்துக்குள் கால் வைக்க மாட்டான். நேரலை ஓடிக்கொண்டிருந்த கைப்பேசியை மனைவியிடம் நீட்டினேன்.

"மைக்க மூடிட்டியா?"

"மூடியாச்சுலா. சீக்கிரம் கும்பிடுங்க, கொசு புடுங்குது."

சுருட்டைப் பற்றவைத்துப் படைத்தேன். கண்ணை மூடி, வாய்விட்டே வேண்டினேன். "ஐயா, அந்த வேலை அவளுக்கு வேணாம்யா. என் புள்ளய வீட்டுக்கு அனுப்பிடு. கெடா வெட்டுறேன்."

பிறகு நிமிர்ந்து நின்று ஜெர்மனில் முழங்கினேன். இந்த மரமும் கடல் கடந்து வந்தது, என் தாத்தாவும் கடல் கடந்து வந்தார். வேர் எந்த மண்ணிலும் பிடிக்கும். என் மகள் அங்கே வேர்விடட்டும்!

ஆசிரியை கைதட்டினார். தொடக்கத்தில் உங்கள் மொழியில் உருகிச் சொன்னீர்களே, அந்தக் கவிதைக்கு என்ன பொருள் என்று கேட்டார்.

மனைவி திரையை உற்றுப் பார்த்தாள். "ஐயோ, தொறந்துல்ல இருக்கு!"

எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதும் அந்த நொடியில் செம்பனைக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. சின்னக் கட்டத்துக்குள் கயல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா, தெரியவில்லை. கடைசியில் அவளே ஜெர்மனில் பதில் சொன்னாள்: "மகள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டார்."

வேலையில் சேர்ந்துவிட்டாள். இப்போதும் அழைப்பில் நான், "எங்களப் பத்திக் கவலப்படாத, சந்தோசமா இரும்மா" என்றால், உடனே கேட்பாள்.

"அப்பா, இது எனக்குச் சொன்னதா, முனீஸ்வரருக்கா?"

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுப்பாள். "கெடா இன்னும் உசுரோடதான் இருக்கு, கயலு!"