யானை விலகுவதற்குள் ஒரு பாஸ்வேர்ட்

ஒரே ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்த ஆளைப் போல ஆபத்தான ஆள் ஒரு வீட்டில் வேறு யாரும் இருக்க முடியாது. முழுதாகப் படித்தவர் அடக்கமாக இருப்பார். ஒன்றுமே தெரியாதவர் தன்பாட்டில் இருப்பார். பகல் சாப்பாட்டுப் பார்சலோடு வகுப்பை முடித்து, கையில் ஒரு சான்றிதழையும் வாங்கிக்கொண்டு வருகிறாரே, அவரிடமிருந்துதான் வீட்டைக் காப்பாற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

மாத்தளை டவுனில் ஒரு விதைக் கம்பனியில் எனக்கு வேலை. கம்பனியின் முகநூல் பக்கத்தை எவனோ கைப்பற்றி, மிளகாய் விதை விற்கிற இடத்தில் கறுப்புக் கண்ணாடி விற்கத் தொடங்கியிருந்தான். பயந்துபோன முதலாளி எங்கள் எல்லாரையும் இணையப் பாதுகாப்பு வகுப்புக்கு அனுப்பிவைத்தார். அங்கே பாடம் எடுக்க வந்த சேர் பேசப் பேச எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெயர், பிறந்த தேதி வைக்காதே. ஒரே பாஸ்வேர்டை எல்லாவற்றுக்கும் வைக்காதே. சின்னச் சொல் வேண்டாம், நீளமான ஒரு வசனமாக வை. உனக்கு மறக்கவே மறக்காத, மற்றவனுக்கு ஊகிக்கவே முடியாத வசனமாக வை. அதற்கு மேல் போனுக்கு இலக்கம் வருகிற மாதிரி இரண்டாவது பூட்டும் போடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் சோதனையை ஆரம்பித்துவிட்டேன்.

அப்பா மசாலாச் சரக்கு லொறி ஓட்டுகிறவர். அவருடைய பாஸ்வேர்ட், லொறி நம்பர். தன் பாஸ்வேர்டை வண்டியின் முன்னாலும் பின்னாலும் கொட்டை எழுத்தில் எழுதி, தம்புள்ள வரைக்கும் ஓட்டிக் காட்டிவிட்டு வந்த ஒரே மனிதர் என் அப்பாவாகத்தான் இருக்கும். அம்மாவுடைய பாஸ்வேர்ட், அம்மா. (“நான் அம்மாதானே? அப்புறம் என்னத்த வைக்க?”) சாந்தினி அக்காவுடையது பிரதீபன் அத்தானின் பெயரும் அவர் பிறந்த வருசமும். அவர்களுக்கு நிச்சயம் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“அக்கா, இத ஒரு சின்னப் புள்ளயும் கண்டுபிடிச்சிரும்” என்றேன்.

“கண்டுபிடிச்சு என்னடி செய்யப் போறாங்க? என் மெயில்ல என்ன இருக்கு?”

“நீ வெளிநாட்டு நர்ஸ் வேலைக்குப் போட்டிருக்கியே, அதுக்குப் பதில் எங்க வரும்?”

அக்காவின் முகம் மாறியது. அவள் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். அந்த வெளிநாட்டு வேலைக்காக இரண்டு வருசமாக இங்கிலிஷ் பரீட்சை எழுதி எழுதிப் படித்தவள். போனை உடனே என் கையில் தந்துவிட்டாள்.

புதுப் பாஸ்வேர்டை நானே போட்டேன். இரண்டாவது பூட்டுக்கு என் போன் நம்பரையே கொடுத்தேன். பாஸ்வேர்ட் என்னவென்று அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. (“உனக்குத் தெரிஞ்சா நீ அத்தான்கிட்ட சொல்லுவ. அத்தான் ஹோட்டல் முழுக்கச் சொல்லுவாரு. போன் ஞாபகம் வச்சிருக்கும், நீ பேசாம இரு.”) வங்கிப் பெட்டகத்தின் சாவியை இடுப்பில் செருகியவள் மாதிரி அன்று முழுவதும் வீட்டுக்குள் நடந்து திரிந்தேன்.

இன்டர்வியூ வந்தே விட்டது! ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, வீடியோவில். அதற்கான லிங்க் அன்று காலையில் மெயிலுக்கு வரும் என்றார்கள். எங்கள் தோட்டத்து வீட்டில் மழை இருட்டினாலே கவரேஜ் போய்விடும். அதனால் அக்கா பலாபத்வலயில் இருக்கிற அத்தான் வீட்டுக்குப் போவது என்று முடிவானது. அங்கே நல்ல இன்டர்நெட் உண்டு, அத்தானுடைய லெப்டொப் உண்டு. அத்தான் மட்டும் இல்லை; சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் கைடு வேலை, அன்று வெள்ளைக்காரக் கூட்டமொன்றை மலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் மாமாவும் அத்தையும்தான், அதாவது அக்காவின் வருங்கால மாமனாரும் மாமியாரும்.

நானோ அதே காலையில் லக்கல பஸ்ஸில். அங்கே விவசாயிகள் கூட்டம். லக்கலைக்கு பஸ் குறைவு. விட்டால் அடுத்ததற்குச் சாயந்தரம்தான்.

மலையைத் தாண்டி பஸ் கீழே இறங்கி, காட்டுப் பக்கமாகத் திரும்பிய இடத்தில் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். ஜன்னலால் எட்டிப் பார்த்தால், ரோட்டின் நடுவில் ஒரு யானை. தனியன். காதை ஆட்டிக்கொண்டு, ரோட்டை அவனுக்கே எழுதிக் கொடுத்த மாதிரி நின்றான்.

டிரைவர் எஞ்சினை அணைத்தார். கொண்டக்டர் வாயில் விரலை வைத்து, “சத்த கரன்ன எப்பா!” என்றார். சத்தம் போட வேண்டாமாம். பஸ்ஸே மூச்சை அடக்கியது. பின் சீட்டில் அழுத குழந்தைக்குக்கூட யாரோ வாயில் பிஸ்கட்டைத் திணித்துவிட்டார்கள்.

அந்த அமைதியில் என் போன் அடித்தது.

“மாலினி!” அக்கா அழுகிற குரலில் கத்தினாள். “பஸ்ஸால இறங்கும்போது என் போன் விழுந்து செத்துப் போச்சுடி! லெப்டொப்ல மெயில் தொறந்தா பாஸ்வேர்ட் கேக்குது. என்ன பாஸ்வேர்ட்? சீக்கிரம் சொல்லு, பத்து மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு!”

நான் போனைக் கீழே போடப் பார்த்தேன். நேரத்தை நினைத்து அல்ல. பாஸ்வேர்டை நினைத்து.

அந்தப் பாஸ்வேர்ட் போட்டதற்கு முந்தின வாரம்தான், நிச்சயம் முடிந்து நாங்கள் முதன்முதலாக அத்தான் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். அத்தை தங்கமான மனுசி. சோறு, கோழிக்கறி, பருப்பு எல்லாம் அருமை. தேங்காய்ச் சம்பலில் மட்டும் கை தவறிவிட்டது. இரண்டு தடவை உப்புப் போட்டிருப்பார் போலிருக்கிறது. அப்பா அதை வாயில் வைத்துவிட்டு, மரியாதைக்காக விழுங்கி, கண்ணில் தண்ணீர் வர “நல்லா இருக்கு சம்மந்தி” என்றாரே, அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். மறக்கவே மறக்காத வசனம் வேண்டும் என்றுதானே வகுப்பில் சொன்னார்கள்?

“அக்கா, போன நீ தனியா எடுத்துக்கிட்டு வெளிய வா” என்று கிசுகிசுத்தேன்.

“சொல்லும்மா!” என்று இடி மாதிரி இன்னொரு குரல். மாமா. தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் காலையில் பெரட்டுக்களத்தில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடுகிற குரல்தான். “இது என் போனு. ஸ்பீக்கர் போட்டாத்தான் இதுல கேக்கும். சாந்தினி அவசரத்துல பிழை பிழையா அடிக்குது, நான்தான் டைப் பண்றேன். ம், சொல்லு!”

எழுத்து எழுத்தாகச் சொன்னால் அர்த்தம் புரியாது என்று ஒரு நப்பாசை. சீட்டுக்கு அடியில் தலையைக் குனிந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தேன்.

“ஏ... டீ... டீ... எச்... ஏ... ஐ...”

“கேக்கல! சத்தமா!”

“ஏ! டீ! டீ!” என்றேன். கொண்டக்டர் என்னை முறைத்தார். யானையும் தலையைத் திருப்பிய மாதிரி இருந்தது.

மாமா ஒவ்வொரு எழுத்தையும் உரக்கச் சொல்லி அடித்துவிட்டு, கூட்டியும் வாசித்தார். “ஏ, டீ, டீ, எச், ஏ, ஐ... அத்தை! அட! இந்தா, இங்க வா! புள்ளைங்க உன் பேர்லதான் பாஸ்வேர்ட் வச்சிருக்காங்க!”

“என் பேர்லயா?” அத்தை ஓடி வருகிற சத்தம் கேட்டது. “பாருங்களேன், இன்னும் கல்யாணம்கூட ஆகல, அதுக்குள்ள இந்தப் புள்ளைங்களுக்கு என்ன பாசம்!”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். “எஸ், ஏ, எம், பீ, ஏ, எல்.”

“சம்பல்! அத்தை சம்பல்! அன்னைக்குச் சாப்பிட்டாங்களே, அதுதான்!”

“ஐயோ, அது அவ்வளவு புடிச்சுப் போச்சா!” அத்தை உருகிப்போனார். “தெரிஞ்சிருந்தா கட்டிக் குடுத்திருப்பேனே!”

இந்த இடத்தில் போன் கட்டாகிவிட வேண்டும் என்று வேண்டினேன். லக்கல ரோட்டில் கவரேஜ் கிடைப்பதே அதிசயம். அந்த அதிசயம் அன்றைக்கு என் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

“யூ, பீ, பீ, யூ” என்றேன்.

“உப்...” என்று தொடங்கிய மாமா நிறுத்திவிட்டார்.

வெளியே யானை ஒரு கிளையை முறித்தது.

“அப்புறம்?” என்றார் மாமா, முதன்முறையாக மெதுவாக.

“கே, ஏ, டி, ஏ, எல். கடல், மாமா. அப்புறம் ஒரு ஆச்சரியக்குறி.”

“ஆச்சரியக்குறி” என்று அவர் திரும்பச் சொன்னார்.

“அப்புறம்... தண்ணி குடு.”

பக்கத்து சீட்டில் இருந்த சிங்கள அம்மா தமிழ் கொஞ்சம் விளங்குகிறவர் போலும். என் கையைத் தொட்டு, “லுணு வெடியித, நங்கி?” என்று ரகசியமாகக் கேட்டார். (உப்புக் கூடிப்போச்சா, தங்கச்சி?) நான் தலையை ஆட்டினேன். அவர் முன்சீட்டுக்காரருக்குச் சொன்னார். அவர் அதற்கு முன்சீட்டுக்குச் சொன்னார். யானைக்குப் பயந்து சத்தம் போடாமல், ஒரு பஸ் முழுக்கத் தோள் குலுங்கச் சிரிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“மாலினி” என்றாள் அக்கா, செத்த குரலில். “பாஸ்வேர்ட் பிழைனு வருது.”

“ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்து பெரிசு! இடைவெளி விடக் கூடாது! மாமா, சின்னதா அடிச்சிட்டீங்களா?”

“நீ பெருசுனு சொல்லவே இல்லியே!”

எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அப்போதுதான் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

“தள்ளுங்க நீங்க” என்றார் அத்தை. “நான் அடிக்கிறேன். மாலினி, கேக்குதா?”

“அத்தை, நான் வந்து... அது சும்மா ஒரு...”

“அதெல்லாம் அப்புறம் பேசலாம். புள்ளயோட வேலை முக்கியம். அத்தை, முதல் எழுத்து பெரிசு. அடிச்சாச்சு. சம்பல், அதுவும் பெரிசு. உப்பு?”

“பெரிசு, அத்தை.”

“உப்பும் பெரிசு” என்று அழுத்திச் சொன்னார். “கடல் பெரிசு. ஆச்சரியக்குறி. தண்ணி பெரிசு, குடு பெரிசு. சரியா?”

“சரி, அத்தை.”

“உள்ள போயிருச்சு!” என்று அக்கா கத்தினாள். நானும் கத்தினேன். அடுத்த நொடியே, “இல்ல, இல்ல! உன் போனுக்கு இலக்கம் அனுப்புறாங்களாம்!”

இரண்டாவது பூட்டு! என் கெட்டித்தனம்!

நிமிர்ந்து பார்த்தேன். யானை மெதுவாக ரோட்டை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். டிரைவர் சாவியில் கையை வைத்தார். இன்னும் ஒரு வளைவு தாண்டினால் கவரேஜ் கிடையாது என்பது எனக்குத் தெரியும். லக்கல ரோட்டில், ‘யானையே, போயிராத ராசா, இன்னும் கொஞ்சம் நில்லு’ என்று கும்பிட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

யானை போய்விட்டது. எஞ்சின் உறுமியது. நான் எழுந்து நின்று, தெரிந்த கொஞ்சச் சிங்களமும் மறந்துபோய், தமிழிலேயே “அண்ணே, நிப்பாட்டுங்க! எங்க அக்காவோட வேலை!” என்று கத்தினேன். டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் உப்புக் கதை முன்சீட்டு வரை போயிருந்ததே, அதனால் பஸ்ஸே எழுந்து என் பக்கம் நின்றது. “பொட்டக் இன்ன! பொட்டக் இன்ன!” கொஞ்சம் பொறுக்கச் சொல்லி எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். டிரைவர் தலையில் கையை வைத்துக்கொண்டு பொறுத்தார்.

டிங் என்று மெசேஜ் வந்தது. நான் இலக்கத்தை ஒவ்வொன்றாகக் கத்த, பக்கத்து அம்மா அதைச் சிங்களத்தில் கத்த, பின்சீட்டில் கைதட்டல். “வந்திருச்சு! லிங்க் வந்திருக்கு! நான் போறேன்டி!” என்று அக்கா சொன்னது அரைகுறையாகக் கேட்டது. பஸ் வளைவில் திரும்பியது. லைன் செத்தது.

அன்று முழுக்க ஒரு தகவலும் இல்லை. கூட்டத்தில் மிளகாய்க் கன்றைப் பற்றிப் பேசப் போய் ‘உப்பு’ என்று இரண்டு தரம் உளறினேன். சாயந்தரம் நேராகப் பலாபத்வலயில் போய் இறங்கினேன். வாசலிலேயே அக்கா பாய்ந்து கட்டிப்பிடித்தாள். இன்டர்வியூ அருமையாகப் போயிருந்தது. (வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி பிறகு வந்தது. கல்யாணத்துக்குப் பின் அத்தானும் கூடவே போய்விட்டார்.)

அத்தை என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். என்னை உட்கார வைத்து, சோற்றைப் போட்டு, பக்கத்தில் ஒரு குன்று தேங்காய்ச் சம்பலை வைத்தார். எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தும் கொண்டார். நான் ஒரு வாய் வைத்தேன்.

“எப்படி?”

“ரொம்ப நல்லா இருக்கு, அத்தை.”

“உப்பு?”

“அளவா இருக்கு அத்தை. கச்சிதம்.”

“நான் உப்பே போடலியே” என்றார் அத்தை.

மாமாதான் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு அத்தையும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். என் உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

அன்றைக்கே அக்கா தன் பாஸ்வேர்டைத் தானே மாற்றினாள், போன் நம்பரையும் மாற்றினாள். போன் தொலைந்தால் உள்ளே போக உதவுகிற மாற்று இலக்கங்களை எடுத்துப் பத்திரப்படுத்தினாள். நான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. (அது வகுப்பின் கடைசி அரை மணித்தியாலத்தில் சொன்ன விசயம். நான் அப்போது சான்றிதழ் வாங்க வரிசையில் நின்றேன்.)

போன வருசம் அத்தை புது போன் வாங்கினார், வெளிநாட்டில் இருக்கிற பேரப்பிள்ளையைப் பார்க்க. கணக்குத் திறந்து கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார். பாஸ்வேர்ட் போடுகிற இடம் வந்ததும், “நீ அங்கிட்டுத் திரும்பிக்க” என்றார். வெகுநேரம் டக் டக் என்று அடித்தார். நடுவில் ஒரு தடவை தனக்குத் தானே சிரித்தார். முடிந்ததும் போனில் பச்சைக் கோடு முழுதாக நிரம்பியிருந்தது: மிக வலுவான பாஸ்வேர்ட்.

“என்ன அத்தை வச்சீங்க?”

“சொன்னா அது பாஸ்வேர்டா? உன்னப் பத்தித்தான். அது மட்டும் சொல்றேன்.”

இப்போது எங்கள் இரண்டு குடும்பமும் எங்கே கூடினாலும் இதே பேச்சுத்தான். மாமா ஒன்று சொல்வார், அப்பா ஒன்று சொல்வார், வீடியோவில் அத்தான் இன்னொன்று சொல்வார். எல்லாமே என் மானத்தை வாங்குகிற வசனங்கள். அத்தை ஒவ்வொன்றுக்கும், “அதவிட நீளம்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார். இன்றுவரை ஒருவராலும் அதை உடைக்க முடியவில்லை. நான் முயற்சி செய்யாமலும் இல்லை.